சேலனிலிருந்து மூராவுக்கு

வாஸாலொப்பெட் என்ற பனிச்சறுக்குப் போட்டியில் கலந்துகொள்ளப் போகிறேன் என்று அம்மாவிடம் போனில் சொன்ன அன்று லைன் சரியில்லை.

"சேலன்ல ஆரம்பிச்சு மூராவுல முடியும்மா."

"சேலத்துலயா? நம்ம சேலத்துல எப்பக் கண்ணு பனி பேஞ்சுது?"

ராசிபுரத்துக்காரிக்கு அப்படித்தான் காதில் விழும். இது சுவீடனில், டாலர்னா மாகாணத்தில் இருக்கும் சேலன். அங்கிருந்து காலில் ஸ்கீ கட்டிக்கொண்டு 90 கிலோமீட்டர் போகவேண்டும் என்று விளக்கினேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "தொண்ணூறு கிலோமீட்டரா? அந்த ஊர்ல பஸ்ஸு கெடையாதா?"

பஸ் உண்டு. ஆனால் கதை அப்படி. 1520இல் டென்மார்க் அரசன் இரண்டாம் கிறிஸ்தியான் ஸ்டாக்ஹோமில் பிரபுக்களை வரிசையாக நிற்கவைத்துத் தலையைச் சீவினான். தகப்பனை அதில் பறிகொடுத்த குஸ்தாவ் வாசா என்ற இளைஞர் மூராவுக்கு வந்து, எதிர்த்துக் கிளம்புவோம் வாருங்கள் என்று ஊரைக் கூப்பிட்டார். ஊர், யோசித்துச் சொல்கிறோம் என்றது. (என் ஆபீஸ் மீட்டிங்குகளில் இன்றுவரை அதே பதில்தான்.) வெறுத்துப்போன மனிதர் நார்வே பக்கம் நடையைக் கட்டிவிட்டார். அப்புறம் ஊருக்குப் புத்தி வந்து, ஸ்கீயில் கெட்டிக்காரர்கள் இரண்டு பேரை அனுப்பி, சேலன் பக்கம் அவரைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிவந்தார்களாம். 1523இல் அவர் அரசரானார். அவர் திரும்பிவந்த வழி என்று சொல்லித்தான் 1922 முதல் இந்தப் போட்டி நடக்கிறது. மார்ச் முதல் ஞாயிறு, காலை 8 மணிக்குப் புறப்பாடு.

8 மணிக்குத்தானே என்று நான் ஆறரைக்குப் போய் நின்றேன். விடியுமுன்பே கதவு திறந்து, ஜனம் ஓடிப்போய்த் தடங்களில் ஸ்கீயைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, பஸ்ஸுக்குள் போய்த் தூங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகத் துண்டு போடும் பரம்பரையில் வந்த எனக்கு இதை ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு எப்படியும் கடைசிப் பிரிவுதான். அதிலும் கடைசி வரிசை எனக்கு.

புறப்பட்டதும் ஒரு மேடு, ஏறக்குறைய 3 கிலோமீட்டர். முன்னால் பதினையாயிரம் பேர். யாரும் சறுக்கவில்லை, சொர்க்கவாசல் வரிசை போல நின்று நின்று நகர்ந்தோம். ஓர் இடத்தில் முன்னால் போனவரின் ஊன்றுகோலை நன்றாக மிதித்துவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, என்னிடம் மன்னிப்புக் கேட்டார். சுவீடனில் குற்றவாளி வாயைத் திறப்பதற்கு முன்பே பாதிக்கப்பட்டவர் முந்திக்கொள்வார்.

சரி, என் அசல் பிரச்சினைக்கு வருகிறேன். ஸ்கீயின் அடியில் மெழுகு பூசவேண்டும். முனைகளில் வழுக்குவதற்கு ஒன்று, பாதத்துக்கு நேர் கீழே பனியைப் பற்றிக்கொண்டு உந்துவதற்கு வேறொன்று. இந்தப் பற்றுகிற மெழுகைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் அந்த நாளே போச்சு. ஒவ்வொரு வெப்பநிலைக்கும் ஒரு நிறத்தில் டப்பா வைத்திருப்பார்கள். சுவீடிஷில் அதற்கு 'வல்லா' என்று பெயர். வல்லவனுக்கு வல்லாவும் ஆயுதம் என்று முந்தைய இரவு சிரித்துக்கொண்டே, மிருதுவான டப்பாவாகப் பார்த்து, தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவதைப் போலத் தாராளமாகப் பூசினேன். இரவில் புதுப்பனி விழுந்தது. பத்து கிலோமீட்டருக்குள்ளாகவே பாதத்தடியில் பனி ஒட்டி ஒட்டி இட்லி இட்லியாகக் கட்டிவிட்டது. மற்றவர்கள் வழுக்கிப் போக, நான் மட்டும் குதிகால் உயர்ந்த செருப்பில் கல்யாண மண்டபத்துக்குப் போகிற நடையில் போனேன். இருநூறு மீட்டருக்கு ஒருமுறை ஓரமாக நின்று ஸ்கீயைக் கழற்றி, பையில் இருந்த நூலக அட்டையால் சுரண்டுவேன். அட்டையில் என் பெயரின் முதல் மூன்று எழுத்து அன்றோடு காணாமல் போயிற்று.

என்னைத் தாண்டிப் போனவர்களில் பாட்டிகளும் உண்டு. இந்தப் போட்டியில் பெண்களுக்கு ஒரு கதை இருக்கிறது. 1923இல் மார்கிட் நோர்டின் என்பவர் ஓடி முடித்துக் காட்டினார். மறு வருஷமே பெண்கள் வரக்கூடாது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். மறுபடி திறந்தது 1981இல். அத்தனை வருஷக் கணக்கையும் அன்று என் ஒருவனிடமே தீர்த்துக்கொண்டதாகத் தோன்றியது.

வழியில் சூடான ப்ளூபெர்ரி சூப் கொடுப்பார்கள். சூப் என்று பேர்தான். நாவல்பழத்தைக் கஞ்சி காய்ச்சினால் எப்படியோ அப்படி, இனிப்பாக, வழவழவென்று. கையுறையோடு காகிதக் கோப்பையைப் பிடித்தால் பாதி வாய்க்கு, பாதி தாடிக்கு. தாடியில் வழிந்தது உறைந்து, கன்னத்தை அசைத்தால் நறுநறுத்தது. ஸ்மோகனில் ஒன்று, மோங்ஸ்பூடர்னாவில் இரண்டு, ரிஸ்பெரியில் எத்தனை என்று எண்ணவில்லை. நான் போட்டிக்கு வந்தேனா பந்திக்கு வந்தேனா என்று பரிமாறிய பையனுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

முதல் போட்டியில் ஜெயித்த ஏர்ன்ஸ்ட் ஆல்ம் மொத்தத் தூரத்தையும் 7 மணி 32 நிமிடத்தில் முடித்தார். கிட்டத்தட்ட அதே நேரத்தில் நான் பாதி வழியில், ஏவெர்ட்ஸ்பெரிக்குள் நுழைந்தேன். தடத்தின் குறுக்கே ஒரு கயிறு. அதன் இரு முனையிலும் மஞ்சள் மேலங்கி போட்ட இரண்டு பேர். நேரக்கெடு முடிந்துவிட்டது, இதற்கு மேல் அனுமதி இல்லை என்று ஆஸ்பத்திரிக் குரலில் சொன்னார்கள். குஸ்தாவ் வாசாவைப் பிடிக்கவும் இரண்டு பேர்தான் வந்தார்கள் என்றேன். அவர்கள் சிரித்தார்கள், கயிற்றை மட்டும் இறக்கவில்லை.

மூராவுக்குப் போகும் பஸ்ஸில் நல்ல சூடு. ஐம்பது வயது மனிதர்கள், வாயெல்லாம் ஊதாவாக, ஒரு வார்த்தை பேசாமல் பன் தின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. துண்டுகூடப் போடவில்லை.

இரவு அம்மா கூப்பிட்டார்.

"போய்ச் சேந்துட்டியா கண்ணு?"

"சேந்துட்டேம்மா."

"எதுல போன?"

"பஸ்லதான்."

"அதத்தானே நான் அன்னிக்கே கேட்டேன்."