தேயிலை மலையில் கண்டிப் போர்

கண்டி இராச்சியத்துக்கும் ஆங்கிலேயருக்கும் 1803இல் மூண்ட போரைக் காட்டும் தொலைக்காட்சி நாடகமொன்றில், படைவீரர்கள் கவ்வாத்துச் செய்த (கிளை நறுக்கி மட்டமாக்கிய) தேயிலைச் செடிகளுக்கு ஊடாக ஓடுவதைக் கண்டு மனம் மிக வருந்தினேன். ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கு அருகிலுள்ள லூல்கந்துரவில் இலங்கையின் முதல் வணிகத் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1867இல்தான். அதற்கு முந்திய கோப்பித் தோட்டங்களும் 1815இல் கண்டி வீழ்ந்த பிறகே இம்மலைகளில் பரவின. 1803இல் இங்கு இருந்தது காடு. ஒடுங்கிய கணவாய்ப் பாதைகளும் காய்ச்சலும் ஆங்கிலேயப் படையை வாட்டியதைச் சொல்லாமல் அந்தப் போரைச் சொல்லவே முடியாது.

துப்பாக்கியும் அப்படித்தான். அக்காலச் சிக்கிமுக்கித் துப்பாக்கியில் ஒவ்வொரு வேட்டுக்கும் தோட்டாக் காகிதத்தைப் பல்லால் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டையிட்டு, கோலால் இடிக்க வேண்டும். தேர்ந்த வீரனும் நிமிடத்துக்கு மூன்று முறைக்கு மேல் சுடுவது அரிது, மருந்து நனைந்தால் அதுவும் இல்லை. நாடகத்திலோ கொட்டும் மழையில் ஓயாமல் வெடிக்கிறது.

உடையிலுள்ள சிறு பிழைகளை நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் 1803இலேயே தேயிலை இருந்ததாகக் காட்டினால், தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்து அந்தக் காட்டை வெட்டித் தோட்டமாக்கிய எங்கள் முன்னோரின் உழைப்பு முழுவதும் மறைந்துபோகிறது. நக்கிள்ஸ் மலைத்தொடரில் இன்றும் காடு எஞ்சியிருக்கும்போது, பின்னணிக்குத் தேயிலை மலையைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவை என்ன?