போன் வீடியோவிலிருந்து ஐவிஆர் குரல்: பைல் ஏன் திரும்பி வருகிறது?

ஒரு கிளினிக்கின் வரவேற்புக் குரல் ஒருவழியாக லைனில் ஏறிவிட்டது. பதிவு வந்தது செல்போன் வீடியோவாக. ஐவிஆர் (அழைப்பவருக்குப் பதிவுக் குரலில் பதில் சொல்லும் அமைப்பு) சேவைக்காரர்களின் தளமோ ஏற்றும்போதெல்லாம் 'தவறான ஃபார்மட்' என்று மட்டும் சொன்னது. எது தவறு என்று ஒரு வரி கிடையாது. உதவி எண்ணில் கேட்டால் "வேவ் பைலா போடுங்க சார்" என்கிறார்கள். போட்டதே வேவ் பைல்தான்!

வேவ் என்றால் மட்டும் போதாது. தொலைபேசிக்கு 8000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 8000 மாதிரிகள்), மோனோ (ஒரே சேனல்), 16 பிட் பிசிஎம் (சுருக்காத ஒலி) வேண்டும். போன் வீடியோவில் இருப்பது பெரும்பாலும் 48000 அல்லது 44100 ஹெர்ட்ஸ் ஏஏசி (சுருக்கிய ஒலி). எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மாற்றுக் கருவியில் மைனஸ் விஎன் (படம் வேண்டாம்), ஏசி 1 (ஒரே சேனல்), ஏஆர் 8000 (ஹெர்ட்ஸ் அளவு), கோடெக் பிசிஎம் எஸ்16எல்இ (16 பிட் பிசிஎம்) என்று கொடுத்தால் ஒரே வரியில் மாறிவிடும். சத்தத்தைச் சீராக்க லவுட்நார்ம் ஃபில்டர் போடுபவர்கள் ஏஆர் 8000-ஐ மறக்கவே கூடாது. அந்த ஃபில்டர் உள்ளுக்குள் 192 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றும். விட்டால் பைலும் அப்படியே வெளிவரும்.

எல்லாம் சரியாக இருந்தும் தளம் மறுத்ததற்குக் காரணம் ஹெட்டர், அதாவது பைலின் தொடக்கத்தில் உள்ள விவரக்குறிப்பு. வேவ் ஹெட்டர் 44 பைட்தான் என்று நம்பி எழுதிய மென்பொருள்கள் இன்னும் ஓடுகின்றன. எஃப்எஃப்எம்பெக் தன் பெயரைக் குறிக்கும் லிஸ்ட் பகுதியையும் சேர்ப்பதால் ஹெட்டர் வழக்கமாக 78 பைட் ஆகிவிடும். சில கருவிகள் பைலை மறுக்கும். சில ஏற்றுக்கொண்டு, தொடக்கத்தில் 'டப்' என்று ஒரு சத்தம் போடும். எஃப்ஃப்ளாக்ஸ் பிட்எக்ஸாக்ட், மேப் மெட்டாடேட்டா மைனஸ் 1 இரண்டையும் (அந்தக் கூடுதல் பகுதியை எழுதவிடாதவை) சேர்த்ததும் தளம் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டது. இதை அவர்கள் உதவிப் பக்கத்தில் எழுதியிருந்தால் எத்தனை பேருக்கு அலைச்சல் மிச்சம்!

ஆனால் குரல் குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டது. போனின் இரண்டு மைக்குகளும் வாயிலிருந்து வெவ்வேறு தூரத்தில் இருக்கும். ஏசி 1 அவற்றைக் கலக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அடித்துவிடும். கலக்காமல் பான் ஃபில்டரில் இடது சேனலை மட்டும் எடுத்ததும் குரல் தெளிந்தது. 200 ஹெர்ட்ஸில் ஒரு ஹைபாஸ் (அதற்குக் கீழுள்ள ஒலியைக் குறைக்கும் ஃபில்டர்) வைத்தால் மின்விசிறி இரைச்சலும் ஓரளவு அடங்கும்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக வந்ததை வாங்காதீர்கள்; மறுபடி சுருக்கப்பட்டிருக்கும். டாகுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

சொந்தமாக ஆஸ்டரிஸ்க் (இலவசத் தொலைபேசி சர்வர் மென்பொருள்) வைத்திருப்பவர்களுக்கு: பைல் பெயரின் முடிவில் வேவ் என்பதைச் சிறிய எழுத்தில்தான் எழுத வேண்டும். பெரிய எழுத்தில் இருந்தால் ஆஸ்டரிஸ்க் அதை ஜிஎஸ்எம் முறையில் சுருக்கிய வகை என்று எடுத்துக்கொள்ளும். பிளேபேக்கில் பெயரை மட்டும் கொடுங்கள், எக்ஸ்டென்ஷன் வேண்டாம். ஏ-லா, மியூ-லா (தொலைபேசி ஒலியைச் சுருக்கும் இரு முறைகள்) பைல்களுக்கு ஹெட்டரே கிடையாது. வேவ் பைலை மாற்றாமல் பெயரை மட்டும் அப்படி மாற்றி வைத்தால் வெறும் இரைச்சல்தான் வரும். இந்தியாவில் பிஆர்ஐ (பல அழைப்புகளைத் தாங்கும் டிஜிட்டல்) லைன்களுக்கு ஏ-லா.

ஒரு நிமிட வேவ் 9,60,000 பைட்டுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். இரட்டிப்பாக இருந்தால் ஸ்டீரியோ இன்னும் போகவில்லை.

ஹெட்செட்டில் கேட்டுவிட்டு ஓகே சொல்லாதீர்கள். சாதாரண போனிலிருந்து அழைத்துக் கேளுங்கள். சுமார் 3400 ஹெர்ட்ஸுக்கு மேல் லைனில் போகாது என்பதால் 'ஸ'வும் 'ஃப'வும் குழம்பும். டாக்டர் பெயரில் அந்த ஒலிகள் வந்தால், அந்த இடத்தை நிதானமாகச் சொல்லி மறுபடி பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். எந்த ஃபில்டரும் அதைச் சரிசெய்யாது.