லிப்ஸ்டிக் பாமும் கத்திரி வெயிலும்

நர்சரிகளில் லிப்ஸ்டிக் பாம் என்று விற்கும் சிவப்புப் பனை ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. தாவரவியல்காரர்களிடம் கேட்டால் சிர்டோஸ்டாகிஸ் ரெண்டா என்பார்கள். சொந்த ஊர் தென் தாய்லாந்து, மலேசியா, சுமத்ரா, போர்னியோ பக்கத்துச் சதுப்புக் காடுகள். கீற்று என்னவோ சாதாரணப் பச்சைதான். மட்டையும், அந்த மட்டை தண்டைச் சுற்றிக் கட்டிப்பிடித்திருக்கும் உறையும் மட்டும் பளீரென்று சிவப்பு. சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா இதைத் தன் சின்னமாகவே வைத்திருக்கிறது. தபால் துறையில் காலம் தள்ளி ஓய்வு பெற்ற என் அப்பா, செல்போனில் படத்தைப் பார்த்ததும், "ரிஜிஸ்தர் கவர்ல அரக்கு உருக்கி வெப்போமே, அதே கலர்டா" என்றார். அன்றிலிருந்து செடி அவர் இலாகா.

வாங்கியது ஈ.சி.ஆர். ஓரத்து நர்சரி ஒன்றில். ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரியில் வந்த சரக்கு. "வெயில்ல வைக்கலாமா?" என்று கேட்டேன். "தாராளமா வைங்க சார். வெயில் பட்டாத்தான் கலரே" என்றார் கடைக்காரர். சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர் அதைச் சொன்ன இடம் இரண்டடுக்குப் பச்சை வலைக்கு அடியில். அந்த நர்சரியில் வெயிலில் நின்றது என் ஸ்கூட்டர் ஒன்றுதான். விலையை இங்கே எழுதுவதாக இல்லை. வீட்டில் இதைப் படிப்பார்கள்.

வந்தது தை மாதம். மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டின் வடக்குப் பக்கம், சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே ஒரு நடை இருக்கிறது. நாள் முழுக்க நிழல். அங்கேயே வைத்தோம். வலைக்கு அடியில் வளர்ந்த செடி, மழைக்காலம் வரை நிழலில் இருக்கட்டும், பிறகு மெதுவாக வெயிலுக்குக் கொண்டுபோகலாம் என்று திட்டம். செடிக்கு அந்த இடம் பிடித்தது. மனைவிக்குத்தான் பிடிக்கவில்லை.

"என்னங்க, படத்துல இருந்த சிவப்பு எங்க?"

நியாயமான கேள்வி. நிழலில் மட்டை செங்கல் நிறத்தில் சோம்பலாக இருந்தது. இந்தப் பனை வகைகளில் பலவற்றுக்கு இதுதான் வழக்கம். கல்யாண மண்டப வரவேற்பில் நிற்கும் அரிகா பாமையே பாருங்கள். உள்ளே இருக்கும்வரை தண்டு பச்சை. அதையே வெயிலில் வைத்து வளர்த்தால் பொன் மஞ்சளாகிவிடும். நம் ஊரில் நிறையப் பேருக்கு அது பச்சைச் செடி என்றுதான் தெரியும், பாவம்.

மே மாதம் அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம், ஒருநாள் சாயந்திரம் நான் வீட்டுக்கு வந்தபோது செடியைச் சுற்றி ஒரு கூட்டம். கீற்றுகளில் மேலே பார்த்த பக்கமெல்லாம் வெளுத்து, காகிதம் மாதிரி ஆகியிருந்தது. அடுத்த சில நாட்களில் அந்த வெளுப்பெல்லாம் பழுப்பாகிக் காய்ந்தது.

சந்தேகம் நேராக அப்பா மீது விழுந்தது. "வெயில் படாத செடியும் ஒரு செடியா?" என்று அவர் பல தடவை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். நாங்கள் எல்லாம் ஆபீசுக்குப் போன பிறகு தொட்டியை மாடிக்குத் தூக்கிப் போயிருப்பார் என்பது மனைவியின் கட்சி. நான் ஒரு பேச்சுக்குக் கேட்டுவைத்தேன்.

"அப்பா, நீங்க செடியை எங்கயாவது நகர்த்தினீங்களா?"

"எனக்கு இருக்கிற மூட்டு வலிக்கு அந்தத் தொட்டியத் தூக்கிட்டு மாடி ஏறுவேனா? தரையில பாரு. தொட்டிக்கு அடியில கறை அப்படியே வட்டமா இருக்கு. நகர்த்தியிருந்தா கறையும் நகர்ந்திருக்கணும் இல்ல?"

சாட்சியம் பலமாகத்தான் இருந்தது. ஆனாலும் வீட்டில் யாரும் அவரை முழுசாக நம்பவில்லை.

இதற்குள் தெருவே வைத்தியம் பார்க்க வந்துவிட்டது. பக்கத்து வீட்டு மாமா, "இது பூஞ்சணம். புளிச்ச மோர் அடி" என்றார். எதிர் வீட்டு அம்மா பஞ்சகவ்யா ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினார். அதை வாசலில் வைத்த நேரம் கூரியர் பையன் வந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டே கையெழுத்து வாங்கிப் போனான். பூக்கார அம்மா ரொம்பவே தெளிவு: "செவப்பா மினுக்குற செடிய வாசல் தெரியற எடத்துல வெச்சா கண்ணு படாதா?" மறுநாள் பார்த்தால் தொட்டி விளிம்பில் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் தொங்குகின்றன. யார் கட்டியது என்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

எனக்கு ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. ஒரு கீற்றின் மேல் இன்னொரு கீற்று படுத்திருந்த இடத்தில், மேலே இருந்தது வெளுத்திருந்தது. கீழே இருந்ததில் மேல் கீற்றின் நிழல் விழுந்த அளவு மட்டும், அச்சு எடுத்த மாதிரி பச்சையாக இருந்தது. பூஞ்சணம் இப்படி நிழல் பார்த்து வராது. சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், குறைவு என்றாலும் பழைய கீற்றில் மஞ்சள் புள்ளிகளாகத்தான் தொடங்கும். இது வெயில் சுட்டதுதான். ஆனால் நாள் முழுக்க நிழலாக இருக்கும் நடையில் வெயில் எங்கிருந்து வந்தது?

கண்டுபிடித்தவர் அப்பா. பழி அவர் மீது இருந்ததே, சும்மா இருப்பாரா? மறுநாள் காலை காபி முடிந்ததும் பிளாஸ்டிக் நாற்காலி, குடை, பேரனின் சாக்பீஸ் சகிதம் நடையில் போய் உட்கார்ந்துவிட்டார். மணிக்கு ஒரு தடவை வீட்டு நிழல் முடியும் இடத்தில் தரையில் கோடு போட்டு, பக்கத்தில் நேரம் எழுதினார். மதியம் எனக்கு போன்.

"டேய், வீட்டு நிழலே இல்லடா. சூரியன் வடக்க நிக்குது!"

சென்னை இருப்பது பூமத்திய ரேகைக்கு 13 டிகிரி வடக்கே. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து, அப்படியே வடக்கே தாண்டிப் போய்விடும். ஆகஸ்ட் நடுவில்தான் மறுபடி நம்மைத் தாண்டித் தெற்கே இறங்கும். இடைப்பட்ட மாதங்களில் நடுப்பகல் வெயில் வடக்கிலிருந்து வருகிறது. டிசம்பரில் நண்பகலில்கூட சூரியன் தெற்கே சாய்ந்து சுமார் 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும் என்பதால், வீட்டின் நிழல் வடக்குப் பக்கம் நீளமாக விழுந்து அந்த நடையையே மூடிவிடும். தையில் பார்த்து நிழல் என்று நாங்கள் முடிவு கட்டிய இடம், கத்திரியில் உச்சி வெயில் நேராக இறங்கும் இடம். செடியை யாரும் நகர்த்தவில்லை. நகர்ந்தது சூரியன்.

மனைவி அன்று ராத்திரி அப்பாவுக்கு ரவா தோசை வார்த்துக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் மன்னிப்பு அந்த வடிவத்தில்தான் கேட்கப்படும். அவர் முறுகலாக இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

நிழலில் விரிந்த கீற்று, கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் விடாமல் பிடிப்பதற்காக மெல்லியதாக, அகலமாக, பச்சையத்தை நிறைய ஏற்றிக்கொண்டு வளர்ந்திருக்கும். அதன் மேல் திடீரென்று உச்சி வெயில் விழுந்தால், வாங்கிய வெளிச்சத்தைச் செலவழிக்க வழியில்லாமல் பச்சையமே சிதைந்து வெளுத்துப்போகும். வெளுத்த பாகத்துக்கு மோர் அடித்தாலும் சரி, மந்திரித்தாலும் சரி, பச்சை திரும்பாது. பழைய கீற்று கொஞ்சம் கொஞ்சமாக ஓரளவுக்குத்தான் பழகும். வெயிலுக்கென்றே தடிப்பாகப் பிறப்பது அடுத்து வரும் குருத்துதான். இந்தப் பனையில் ஒரு தண்டுக்கு ஒரே ஒரு குருத்து. மாமரம் மாதிரி கிளைக்குக் கிளை துளிர்க்காது. குருத்தும் அவசரப்படாது. எங்கள் செடி வளர்ந்த வேகத்தைப் பார்த்தால் எங்கள் தெருவில் தார் போடும் வேலை சுறுசுறுப்பு என்று தோன்றும்.

ஆகவே முதல் வேலை நிழல். வெயிலில் பாதியை மறைக்கும் ஐம்பது சதவீத வலை வாங்கி வரும்வரை அப்பாவின் பழைய கறுப்புக் குடையைத் துடைப்பக் கட்டையில் கட்டி நட்டுவைத்தோம். உச்சி வெயிலில் அப்பா தலையில் துண்டோடு நிற்க, செடி குடைக்கு அடியில் நின்றது. அயர்ன் கடைக்காரர் துணி கொண்டுவந்து கொடுத்தவர், "ஐயா, குடை உங்களுக்கா செடிக்கா?" என்று கேட்டார். "எனக்குப் பென்ஷன் வருது. அதுக்கு என்ன வருது?" என்றார் அப்பா. இதில் என்ன தர்க்கம் என்று எனக்குப் பிடிபடவில்லை. அயர்ன்காரர் என்னவோ தலையாட்டிவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டு மாமா அரிவாளோடு வந்து, காய்ந்த கீற்றையெல்லாம் கழித்துவிடலாம் என்றார். பாதி பச்சையாக இருக்கும் கீற்றைப் பனையில் வெட்டக்கூடாது. அந்தப் பச்சைப் பாதி இன்னும் சமைத்துப் போடுகிறது. பழைய கீற்றில் இருக்கும் சாம்பல் சத்தைத்தான் குருத்து இழுத்துக்கொள்ளும். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பொறுக்கத்தான் வேண்டும். மாமா போகும்வரை அப்பா செடிக்கும் அரிவாளுக்கும் நடுவே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த தலைவலி தண்ணீர். சதுப்பில் பிறந்த செடிக்கு வேர் காயவே கூடாது. எங்கள் போர் தண்ணீரோ உப்பு. பக்கெட்டில் வைத்தால் மறுநாள் வெள்ளைப் படிவம். லாரித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் மனைவி என்னை ஊற்றிவிடுவாள். கடைசியில் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் கைகொடுத்தது. அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. ராத்திரி பக்கெட் வைத்தால் காலையில் செடிக்கு வேண்டியது கிடைத்துவிடும். இதனால் ஒரு பக்க விளைவு: என் வாழ்நாளில் முதல்முறையாக அப்பா, "ஏசிய இன்னும் கொஞ்ச நேரம் ஓட விடுடா" என்றார். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி கொதிக்காமல் இருக்கச் சுற்றிலும் நனைத்த சாக்கு கட்டினோம். அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் நிறுத்தினோம். கொசு ஒழிப்புப் பணியாளர் வந்து தட்டையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்ததால் அதில் மணலை ரொப்பிவிட்டோம்.

ஐப்பசி மழையோடு பயிற்சி ஆரம்பம். வெயில் சாய்ந்திருக்கும், காற்றில் ஈரம் இருக்கும், வானம் பாதி நாள் மூடியே கிடக்கும். இதைவிட நல்ல காலம் கிடையாது. தொட்டியைச் சக்கரம் வைத்த ஸ்டாண்டில் ஏற்றிக் கிழக்கு வாசலுக்குக் கொண்டுவந்தோம். முதலில் காலை இளவெயில் ஒரு மணி நேரம், பிறகு நிழல். ஒன்றிரண்டு வாரம் பொறுத்து இன்னொரு மணி. மேற்கு வெயில் கடைசியில்தான். "எல்.கே.ஜி. பிள்ளைய மொத வாரம் அரை நாள் விடுவாங்களே, அப்படியா?" என்றாள் மனைவி. அப்படியேதான். வருகைப் பதிவேடுகூட உண்டு. அப்பா பழைய டைரி ஒன்றில் கட்டம் போட்டு வெளியே வந்த நேரம், உள்ளே போன நேரம், வானிலை, குறிப்பு என்று எழுதி ஓரத்தில் சுருக்கொப்பமும் வைத்தார். ஒருநாள் குறிப்பில், "நகர்த்தியவர் என் மகன். ஏழு நிமிடம் தாமதம்" என்று இருந்தது.

கார்த்திகையில் ஒரு ராத்திரி பெய்த மழையில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். பள்ளிக்கரணைச் சதுப்பு பக்கத்தில் இருக்கும்போது மடிப்பாக்கத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை. ஸ்கூட்டரைத் திண்ணையில் ஏற்றினோம், பிரிட்ஜை மேஜையில் ஏற்றினோம், இன்வெர்ட்டரை மாடிக்கு ஏற்றினோம். தொட்டியை மறந்தேபோனோம். தண்ணீர் வடிந்ததும் பார்த்தால், வீட்டில் அத்தனை பேரும் வாடிக் கிடக்க, அது மட்டும் தெம்பாக நிற்கிறது. தொட்டி மண்ணில் சேர்ந்திருந்த உப்பையும் மழை கழுவிக்கொண்டு போயிருந்தது. பொங்கலுக்கு முன்னால் புதுக் குருத்து ஒன்று விரிந்தது. கீற்று முன்னைவிடக் குட்டை, தொட்டால் தடிப்பு. மாசியில் அதன் மட்டை சிவந்தபோது மனைவி தானாகவே செல்போனை எடுத்து வந்து படம் எடுத்தாள்.

அடுத்த கத்திரியில் அது காலையிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரை வெயிலில் நின்றது. பழைய கீற்றுகளில் முனை லேசாகக் கருகியது, அவ்வளவுதான். சென்னை வறட்டுக் காற்றில் சதுப்புச் செடியிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது அநியாயம். கோலாலம்பூரில் ரோட்டோரம் நாள் முழுக்க வெயிலில் நிற்கிறதே என்று கேட்பார்கள். அங்கே சாயந்திரமானால் மழை பெய்கிறது, சார்.

இப்போது என் கண் நியூ கலிடோனியாவின் சாம்பேரோனியா என்ற பனை மீது. அதில் புதுக் கீற்று சிவப்பாக விரிந்து, பத்து நாள் போலச் சிவந்திருந்து பச்சையாகிவிடும். பத்து நாள் சிவப்புக்கா என்று மனைவி விலை விசாரித்தாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

போன மாதம் பக்கத்து வீட்டு மாமா பிஸ்மார்க் பாம் ஒன்றை இறக்கினார். மடகாஸ்கர்காரன், வெள்ளி நிறம், வெயில் என்றால் உயிர். நேராக மொட்டை மாடிக்கு ஏற்றப் போனவரை அப்பா படியிலேயே மறித்து, வெயில் பிடிக்கிற சாதியானாலும் இது வலைக்கு அடியில் வளர்ந்த பிள்ளை என்று விளக்கி, தன் டைரியை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டதாகக் கேள்வி.