பள்ளவழி நாட்குறிப்பு

பிப்ரவரி 2
நம் பள்ளவழியின் குறுக்கே தோண்டிய வெட்டிலிருந்து வயது கணிக்க அனுப்பிய மணல் குழாய்களைப் பற்றி ஆய்வகத்திலிருந்து இன்றும் கடிதம் வரவில்லை.

பிப்ரவரி 4
காலை முழுவதும் கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்களோடு கழிந்தது. 1960 முதல் 1972 வரை எடுக்கப்பட்ட அவற்றின் மீதான ரகசியத் தடையை அமெரிக்க அரசு 1995-இல் நீக்கியது. வடகிழக்குச் சிரியாவில் பண்டைய நகரம் புதைந்த டெல் பிராக் மேட்டிலிருந்து கருங்கோடுகள் ஆரக்கால்களைப் போலப் பல திசைகளில் விரிகின்றன. இவை யாரும் திட்டமிட்டுக் கட்டிய சாலைகள் அல்ல, பெரும்பாலும் கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டில் மனிதரும் மந்தைகளும் நடந்து நடந்து தேய்த்த பள்ளவழிகள். இருபுறமும் பயிர் நின்றதால் நடை ஒரே தடத்துக்குள் ஒடுங்கியது, நிலம் தாழ்ந்தது, தாழ்ந்த இடத்தில் ஈரம் தங்கியது, அந்த ஈரமும் அங்கே செழித்த புல்லுமே படத்தில் கருமையாகப் பதிந்திருக்கின்றன. மேட்டிலிருந்து மூன்று முதல் ஐந்து கிலோமீட்டர் தொலைவில் பல கோடுகள் மங்கிவிடுவதற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும். வயல் முடிந்து மேய்ச்சல் நிலம் தொடங்கியதும் கால்கள் விருப்பம்போல் பரவின. வழி அங்கே முடியவில்லை, தடயம்தான் முடிகிறது.

பிப்ரவரி 5
அந்தப் படங்களில் தெரியும் பல தடங்களை இன்று தரையில் காண முடியாது. இயந்திர உழவு அவற்றை நிரவிவிட்டது. நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

பிப்ரவரி 9
உறக்கம் இல்லை. இங்கிலாந்தின் சாமர்செட் சதுப்பில் 1970-இல் வெளிப்பட்ட ஸ்வீட் பாதை என்னும் பழைய மரப்பாதையின் மேல் எனக்குப் பொறாமை என்றே சொல்லலாம். அதன் ஓக் மரங்களின் ஆண்டு வளையங்களை எண்ணி, கி.மு. 3807-இன் குளிர்காலத்திலோ 3806-இன் வசந்தத்திலோ அவை வெட்டப்பட்டன என்று சொல்லிவிட்டார்கள். ஏறத்தாழ பத்து ஆண்டுகளே புழங்கிய அந்த மரப்பாதைக்குப் பருவம்வரை தேதி இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக நடந்த பள்ளவழிக்கோ ஒரு நூற்றாண்டைக்கூட உறுதியாகச் சொல்ல இயலவில்லை. கட்டியது எதையாவது விட்டுச்செல்கிறது. தேய்ந்தது இருந்த மண்ணையும் இழந்து நிற்கிறது. இல்லாத மண்ணுக்கு எப்படி வயது கணிப்பது?

பிப்ரவரி 10
ஆய்வகத்துக்கு அனுப்பிய மணல் குழாய்களில் வெளிச்சம் புகுந்திருக்காது. இரு முனைகளையும் நானே மூடினேன்.

பிப்ரவரி 15
ஒளிர்வுக் கணிப்பு எதைச் சொல்லும் என்பதை மீண்டும் எழுதி வைக்கிறேன், எதிர்பார்ப்பு எல்லை மீறாதிருக்க. குவார்ட்ஸ் மணல் கடைசியாக எப்போது வெயிலைக் கண்டது என்பதையே அது அளக்கிறது. பள்ளத்தை நிரப்பிய மணல், நடை குறைந்த பிறகு காற்றும் மழையும் கொண்டுவந்து சேர்த்தது. ஆகவே வரப்போகும் எண் வழி கைவிடப்பட்ட காலத்தை நெருங்கும். முதல் கால் பட்ட காலத்தை அது தொடாது. இதை அறிந்தும் ஒவ்வொரு நாளும் அந்த எண்ணுக்காகவே விழிக்கிறேன்.

பிப்ரவரி 18
நிலச் சரிவை மட்டும் கணக்கிட்டு, மிகக் குறைந்த உழைப்பில் நடக்கக்கூடிய பாதையைக் கணினி வரைந்து தந்தது. நாம் வெட்டிப் பார்த்த பள்ளவழி அதை விட்டு மேற்கே வளைகிறது. அங்கே கிணறு இருந்திருக்கலாம், கடக்கக் கூடாத ஒருவருடைய வயல் இருந்திருக்கலாம். வட அமெரிக்காவின் சாக்கோ பள்ளத்தாக்கில் வண்டியும் சுமை விலங்கும் இல்லாத மக்கள் ஒன்பது மீட்டர் அகலம்வரை நேர்சாலைகள் அமைத்தார்கள். உழைப்புக் கணக்கு அந்த அகலத்துக்கு எந்த விளக்கமும் தராது. வளைவைப் பிழை என்று கருதி நேராக்கிவிடும் வரைபடங்கள் எனக்குக் கோபமூட்டுகின்றன. நடந்தவர்களின் முடிவு அந்த வளைவில்தான் இருக்கிறது.

பிப்ரவரி 19
கடிதம் இல்லை.

பிப்ரவரி 23
இரண்டாவது வெட்டுக்கு அனுமதி கேட்டு எழுதத் தொடங்கினேன். வளைவு திரும்பும் இடத்தில், பள்ளத்தின் அடியை ஒட்டிய மெல்லிய களிமண் படிவிலிருந்து தனியாக ஒரு குழாய் எடுக்க வேண்டும். உழவு தொடங்குவதற்குள் அது நடக்க வேண்டும்.