ஹவர்டுக்குப் பக்கத்துத் தெரு: 2024 நாட்குறிப்பு

ஜனவரி 13, சனி

பக்கத்து வீட்டு அம்மா காலையிலேயே சிவப்புக் கோட்டும் வெளிர்மஞ்சள் ஸ்கார்ஃபுமாகக் கிளம்பிவிட்டார். டெல்டா சிக்மா தீட்டா என்ற கறுப்பினப் பெண்கள் சங்கத்தின் பிறந்தநாளாம். 1913-இல், இதே தெருமுனையில் இருக்கும், கறுப்பின மாணவர்களுக்கான வாஷிங்டன் ஹவர்டு பல்கலைக்கழகத்தில் 22 மாணவிகள் சேர்ந்து தொடங்கியது. இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், மார்ச் 3-ஆம் தேதி பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்திருக்கிறார்கள். கறுப்பினப் பெண்கள் பின்னால் வந்தால் போதும் என்று அமைப்பாளர்களே சொல்லிப் பார்த்த ஊர்வலம் அது.

“படிப்பு முடிந்து ஐம்பது வருஷம் ஆகியிருக்குமே, இன்னுமா?” என்று கேட்டுவிட்டேன். “சேர்ந்ததுதான் காலேஜில். வேலையெல்லாம் அப்புறம்தான்” என்றார். இங்கே பட்டதாரிகளுக்குத் தனிக் கிளைகள் உண்டு. பாட்டியான பிறகும் மாதக் கூட்டம், சந்தா, உதவித்தொகைக்கு நிதி திரட்டுவது எல்லாம் நடக்கிறது.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். மார்ட்டின் லூதர் கிங் நாளும் இன்றே, அதனால் விடுமுறை. ஏகேஏ எனப்படும் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற இன்னொரு கறுப்பினப் பெண்கள் சங்கம் 1908-இல் பிறந்ததும் இதே தேதியில்தான். கிங், ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற கறுப்பின ஆண்கள் சங்கத்துக்காரர். 2011-இல் திறந்த அவருடைய நினைவிடத்துக்கு முதலில் முயற்சி எடுத்ததும் அந்தச் சங்கம்தான்.

ஏப்ரல் 20, சனி

ஒரு சங்கம் புது உறுப்பினர்களை ஊருக்குக் காட்டும் நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். ஒரே மாதிரி உடை, முகமூடி, உயர வரிசை. குட்டையான பெண் முன்னால், ஒருவர் முதுகை ஒருவர் ஒட்டியபடி நடந்து வந்தார்கள். நிறுவனர்களின் பெயர்களைத் தொண்டை கிழிய ஒப்பித்தார்கள், ஒரு பெயர்கூடத் தவறவில்லை. பிறகு முகமூடி கழன்றது. என் பக்கத்தில் நின்ற ஒரு தாய் ஓவென்று அழுதார்.

எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் இதே வரிசைக்குப் பின்னால் ராகிங் இருந்திருக்கிறது. 1990-இல் பழைய ‘பிளெட்ஜ்’ முறையை, அதாவது சேருமுன் புதியவர்களைச் சோதிக்கும் முறையை, சங்கங்களே ரத்து செய்தன. அது ஒழியவில்லை, மறைவாக நடந்தது. அதற்குப் பிறகும் பிள்ளைகள் செத்திருக்கிறார்கள். அடி வாங்கி உள்ளே வந்தால்தான் அசல் உறுப்பினர் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதை என்னால் ஏற்கவே முடியாது. வெள்ளையர் சங்கங்கள் கதவைச் சாத்தியபோது, மனிதர்களாக மதிக்கப்பட வேண்டும் என்று உண்டாக்கிக்கொண்ட இடம் இது. அங்கேயே சொந்தத் தங்கையை அவமானப்படுத்தினால் என்ன மிச்சம்?

ஜூலை 25, வியாழன்

நேற்று இண்டியானாபொலிஸில் ஜீட்டா ஃபை பீட்டா என்ற இன்னொரு பெண்கள் சங்கத்தின் மாநாட்டில் கமலா ஹாரிஸ் பேசினார். அவர் ஹவர்டில் படித்தபோதே ஏகேஏவில் சேர்ந்தவர். ஜீட்டாவின் நீலமும் வெள்ளையும் நிறைந்த அரங்கில் ஏகேஏவின் பிங்க்-பச்சைக்காரர் ஒருவர். இப்படிப்பட்ட ஒன்பது கறுப்பினச் சங்கங்களும் தேர்தலில் யாருக்கும் ஆதரவு அறிவிக்க மாட்டோம், வாக்காளர் பதிவுக்கு இறங்குவோம் என்று சொல்லியிருக்கின்றன. இன்று மாலை சூப்பர்மார்க்கெட் வாசலில் பக்கத்து வீட்டு அம்மா மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். எதிர் மேசையில் ஒமேகா சை ஃபை என்ற ஆண்கள் சங்கத்துக்காரர் ஒருவர். அவருக்குப் பேனா தீர்ந்ததும் அம்மா தன்னுடையதைக் கொடுத்தார்.

சென்னை வாட்ஸ்அப் குழுவில் ஹாரிஸின் தாயை நினைத்து ‘நம்ம சியாமளா பொண்ணு’ என்று ஒரே கொண்டாட்டம். எனக்கும் பெருமைதான். ஆனால் அவரை வளர்த்ததில் இந்த அக்காமார்களுக்கும் பங்கு உண்டு, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று எழுதினேன்.

நவம்பர் 6, புதன்

ஹவர்டு மைதானத்தில் ஹாரிஸ் அதிபர் தேர்தல் தோல்வியை ஏற்றுப் பேசினார். திரும்பி வரும்போது பக்கத்து வீட்டு அம்மா கேட்டார்: “சனிக்கிழமை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. வருவாயா?”

“நான் டெல்டா இல்லையே” என்றேன்.

“பின்னம் தெரியுமல்லவா?” என்றார். பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.