“நல்லா இருக்கான் சார்” என்று சொன்னதால் வந்த வினை

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தது 2014ஆம் ஆண்டு. அவனுக்கான மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எங்கள் கைக்கு வந்தது 2023ஆம் ஆண்டின் இறுதியில். இந்த இடைவெளி முழுவதற்கும் அலுவலகங்களைக் குறை சொன்னால் அது பொய்யாகிவிடும். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் நாங்கள் விண்ணப்பிக்கவே இல்லை.

சென்னையில் வளர்ந்தவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் என்பது ஒரு பேட்டையின் பெயர் மட்டுமன்று. 1794இல் தொடங்கிய மனநலக் காப்பகத்தின் வழிவந்த அரசு மருத்துவமனை அங்கே இருப்பதால், அந்தப் பெயரே ஒரு கேலிச்சொல்லாகிவிட்டது. பள்ளியில் படிக்கும்போது நானும் தோழிகளைப் பார்த்து, “உன்னைக் கீழ்ப்பாக்கத்துலதான் சேர்க்கணும்” என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன். அதனால் தம்பியை அங்கே அழைத்துப் போகலாம் என்று ஒருவர் சொன்னபோது அம்மா காதைப் பொத்திக்கொண்டதைக் கண்டு கோபப்படும் தகுதி எனக்கு இல்லை. மனநோயாளிகளைக் கொண்டுபோய்த் தங்கவைக்கும் தர்கா உள்ள ஏர்வாடிக்குக் கொண்டுபோகச் சொன்னார் பெரியப்பா. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே ஒரு காப்பகக் கொட்டகையில் சங்கிலியோடு இருந்த 28 பேர் தீயில் மாண்ட செய்தியை அப்பா மறக்கவில்லை. அவர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். கடைசியில் வேறொரு பெரிய அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டோம். மாத்திரை வேலை செய்தது. அவன் காதில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த குரல்கள் அடங்கின, தூக்கம் வந்தது. ஆனால் படித்த படிப்புக்கு ஏற்ற வேலையில் அவனால் ஒரு மாதம்கூட நிலைக்க முடியவில்லை.

அரசு ஊழியராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா 2019இல் காலமானார். குடும்ப ஓய்வூதியம் அம்மாவுக்கு வந்தது. அம்மாவுக்குப் பிறகு, தானாகச் சம்பாதிக்க இயலாத நிலையில் உள்ள பிள்ளைக்கு அந்த ஓய்வூதியத்தைத் தொடர விதி இருக்கிறது என்றும், அதற்கு ஊனச் சான்று வேண்டும் என்றும் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் சொன்னார். ஊனம் என்றால் கை, கால், கண் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். மனநோய் 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அந்தப் பட்டியலில் இருந்தது என்பதும், 2016ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலை 21 வகையாக விரித்தது என்பதும் பிறகுதான் தெரிந்தன.

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆதார், புகைப்படம், கையில் இருந்த சீட்டுகள் ஆகியவற்றோடு இணையத்தில் பதிவு செய்தோம். அந்தப் பகுதி எளிதாகவே முடிந்தது. சில வாரங்கள் கழித்து மதிப்பீட்டுக்கு அழைப்பு வந்தது.

அன்று அம்மா விடியற்காலையிலேயே எழுந்துவிட்டார். தம்பியைக் குளிக்க வைத்து, முகச்சவரம் செய்ய வைத்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, பித்தானைத் தானே போட்டுவிட்டார். பெண் பார்க்கப் போகும் வீட்டில்கூட அவ்வளவு ஏற்பாடு நடக்காது. மருத்துவர் எதிரே நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். “தானா குளிப்பாரா?” என்று அவர் கேட்டார். “குளிப்பான் சார்” என்றார் அம்மா. “வீட்டு வேலை செய்வாரா?” “கடைக்கெல்லாம் போவான் சார்.” “மத்தவங்களோட பழகுவாரா?” “நல்லா இருக்கான் சார், யாருக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது.” இவற்றில் எதுவும் முழுப் பொய் அல்ல. மூன்று முறை கெஞ்சினால் குளிப்பான். கையில் சீட்டு எழுதிக் கொடுத்தால் கடைக்குப் போவான். அந்தக் கெஞ்சலையும் சீட்டையும் மகனின் எதிரில் வைத்து எந்தத் தாயால் விவரிக்க முடியும்? நானும் தலைகுனிந்து சும்மா இருந்தேன்.

மதிப்பெண் 6 என்று வந்தது. அதற்கு என்ன பொருள் என்பதை அன்று எங்களுக்கு யாரும் விளக்கவில்லை. பின்னர் ஒரு சமூகப் பணியாளர்தான் பொறுமையாகச் சொன்னார். மனநோயால் வரும் இயலாமையை ஐடியாஸ் என்ற இந்திய அளவுகோலால் அளக்கிறார்கள். தன்னைப் பேணிக்கொள்ளுதல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை ஆகிய நான்கிற்கும் தலா 0 முதல் 4 வரை மதிப்பெண் உண்டு; இயலாமை கூடினால் மதிப்பெண்ணும் கூடும். கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை மாதம் நோய் இருந்தது என்பதற்கு 1 முதல் 4 வரை சேர்ப்பார்கள். மொத்தம் 7 வந்தால்தான் ஊனம் 40 விழுக்காட்டைத் தொடும். அதற்குக் கீழே இருந்தால் பெரும்பாலான உதவிகளுக்குத் தகுதி இல்லை. அம்மா சொன்ன பதில்களால் தன்னைப் பேணுதலுக்கு 0 விழுந்தது. நோயின் காலத்திற்கு 2தான் கிடைத்தது. ஊரடங்கு மாதங்களில் மருத்துவமனைக்குப் போகாமல், பழைய சீட்டைக் காட்டித் தெருமுனை மருந்துக்கடையில் மாத்திரை வாங்கியதால் அந்தக் காலத்திற்கு எங்களிடம் ஒரு பதிவும் இல்லை. நோய் ஓய்வெடுக்கவில்லை, காகிதம்தான் ஓய்வெடுத்தது. அந்த அளவுகோலை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நன்றாகப் பார்த்துக்கொள்ளும் வீட்டில், பார்த்துக்கொள்கிறவரின் உழைப்பு முழுவதும் நோயாளியின் திறமையாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. அதைப் பிரித்துக் காட்டுவது குடும்பத்தின் பொறுப்பு என்று முதலிலேயே எங்களிடம் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

சான்றளித்தவர் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. பதிவுகளைச் சரிசெய்துகொண்டு மறுமதிப்பீட்டுக்குப் போவதே நல்லது என்று அந்தச் சமூகப் பணியாளர் சொன்னதைக் கேட்டோம். மாதம் தவறாமல் ஓ.பி.க்குப் போனோம். கொடுங்கையூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய், டோக்கன் வாங்கி, மருத்துவரை இரண்டு நிமிடம் பார்த்து, மருந்து வரிசையில் நின்று திரும்ப மதியம் இரண்டாகிவிடும். எனக்கு அன்று சம்பளம் போய்விடும். அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துப் பெண் ஒருவர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்து, கையோடு அழுத்தமும் பார்த்துவிட்டுப் போகிறார். ஒருநாள் அவரிடம், “தம்பி மாத்திரையும் இப்படி வருமாம்மா?” என்று கேட்டேன். தன் பையில் அது இல்லை என்றார். பட்டியலில் உள்ள மனநல மருந்துகளை அரசு சமுதாய சுகாதார நிலையங்களிலிருந்து மேல்நிலை வரை இலவசமாகத் தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. இலவசம் எங்களுக்குக் கிடைத்தது, அருகாமை கிடைக்கவில்லை. மாத்திரையை விடுகிறவர்கள் பலர் அதை வெறுத்து விடுவதில்லை, அந்த ஒரு நாளைச் சமாளிக்க முடியாமல்தான் விடுகிறார்கள் என்பது வரிசையில் நின்று நான் தெரிந்துகொண்டது.

2022ஆம் ஆண்டின் இறுதியில் தம்பி இரண்டு இரவுகள் தூங்காமல் நடந்துகொண்டே இருந்தான். அந்த அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலிமானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணான 14416ஐ நள்ளிரவுக்குப் பிறகு அழைத்தேன். மறுமுனையில் தமிழில் பேசியவர் அவன் எந்த மாத்திரையை எப்போது விட்டான் என்பதை நிதானமாகக் கேட்டு, காலையில் மருத்துவரிடம் போகும்வரை அவனோடு வாதாட வேண்டாம் என்றார். அந்த அழைப்பின் தேதியையும் நோட்டில் குறித்துவைத்தேன்.

அந்த நோட்டுதான் இரண்டாம் முறை உதவியது. மூன்று மாதங்கள், தினமும் இரண்டு வரி: எத்தனை முறை சொன்ன பிறகு குளித்தான், யாரிடம் பேசினான், என்ன வேலையைப் பாதியில் விட்டான். எழுதும்போது ஒட்டுக்கேட்பது போன்ற குற்ற உணர்ச்சி வந்தது. 2023இல் மறுமதிப்பீட்டுக்குப் போனபோது, தம்பியிடம் பேசி முடித்த பின் எங்களோடு தனியாகப் பேச முடியுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டேன். அவர் உடனே சம்மதித்தார். தம்பி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நான் நோட்டைப் படித்தேன். அம்மா நடுவில் ஒருமுறை, “சட்டைப் பித்தான் நான்தான் சார் போட்டுவிடறேன்” என்று மட்டும் சொன்னார். பிறகு பேசவில்லை. இம்முறை மதிப்பெண் 12 வந்தது.

அட்டை தபாலில் வந்த அன்று தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அக்கா, இந்த போட்டோல நான் சிரிக்கவே இல்லையே” என்றான். ஓய்வூதியத்திற்காக அட்டையின் நகல்களை எடுத்துக் கோப்பில் வைத்திருக்கிறேன். மாத்திரைக்கு இன்னும் அதே இரண்டு பஸ்தான்.