பொங்கல் வாரம், 2024

ஜனவரி 11, வியாழன்

செவ்வாய்க்கு மேல்தான் அப்பாவின் ரிப்போர்ட்டாம். "லீவு வருதுல்லம்மா, லேபுல ஆள் இருக்க மாட்டாங்க" என்றாள் கவுன்ட்டர் பெண்.

ஜனவரி 12, வெள்ளி

அண்ணன் பையனோடு ‘அயலான்’. அப்பாதான் விரட்டினார். "என் மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருக்காத, போ." ‘இன்று நேற்று நாளை’ எடுத்த ரவிக்குமார் என்பதால் எனக்கு ஆசை கொஞ்சம் அதிகம். 2018-ல் படப்பிடிப்பு தொடங்கிய படம். இத்தனை வருஷம் காத்திருந்ததற்கு இதுவா?

தூக்கம் வருகிறது.

ஜனவரி 13, சனி

கோபம் இன்னும் போகவில்லை. காசு போனதற்காக இல்லை.

பூம்பாறையில் விவசாயம் பார்க்கும் சிவகார்த்திகேயன் சென்னைக்கு வருகிறார். மேலேயிருந்து ஒரு குட்டி ஆள் வந்து இறங்குகிறான், சித்தார்த் குரலில் தமிழ் பேசுகிறான். கூட யோகிபாபு, கருணாகரன். நாலு பேரையும் ஒரு வாடகை வீட்டில் அடைத்துப் போட்டாலே போதுமே! ஹவுஸ் ஓனருக்குத் தெரியாமல் ஒரு வேற்றுக்கிரகவாசியைக் குடிவைப்பது எவ்வளவு பெரிய காமெடி. தண்ணீர் லாரி வருகிற நாளில் அவனை எங்கே ஒளிப்பது என்பதிலேயே அரை மணி நேரம் ஓட்டலாம். இவர்களோ உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டார்கள். வில்லன் பூமியைத் தோண்டுகிறான், விஷவாயு, சண்டை, அப்புறம் இன்னொரு சண்டை. கதை முட்டிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் குட்டி ஆளிடம் புதுசாக ஒரு சக்தி. எல்லாம் முடியும் என்றால் நான் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குச் சிரிக்க வேண்டும்?

கிராஃபிக்ஸ் நன்றாகத்தான் இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். சின்னவன் விழுந்து விழுந்து சிரித்தான். அது வேறு எரிச்சல்.

மாத்திரை டப்பாவில் ஞாயிறு ராத்திரிக்கு ஒன்று குறைகிறது. மெடிக்கல் ஷாப் திறந்திருக்குமா தெரியவில்லை.

ஜனவரி 14, ஞாயிறு

போகி. தெரு முழுக்கப் புகை. ஜன்னல் இடுக்கில் எல்லாம் ஈரத்துணி அடைத்தும் அப்பாவுக்கு விடிய விடிய இருமல். டயர் கொளுத்துகிறவர்களைக் கொளுத்த வேண்டும்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். குக்கரில்தான். அப்பா இரண்டு ஸ்பூன் சாப்பிட்டார். கரும்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், கடிக்கவில்லை.

படத்தைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். "நாங்க பாக்காத வேற்றுக்கிரகமா?" என்று ‘கலை அரசி’ கதையை ஆரம்பித்துவிட்டார். 1963-ல் வந்த எம்.ஜி.ஆர். படம், டூரிங் டாக்கீஸில் மணலில் உட்கார்ந்து பார்த்தாராம். "அந்த கிரகத்துல விஞ்ஞானம் எல்லாம் இருக்கு, பாட்டு மட்டும் இல்ல. அதான் நம்பியார் வந்து பானுமதியத் தூக்கிட்டுப் போறாரு. எதுக்கு வந்தான்னு ஒரு வார்த்தையில சொல்லிடலாம். உன் ஆளு எதுக்கு வந்தான்?"

"ஒரு கல்லைத் தேடிப்பா."

"கல்லா?"

அதற்கப்புறம் மத்தியானம் வரை "கல்லா, கல்லா" என்று தனக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 16, செவ்வாய்

லேபுக்கு போன். மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை.

ஜனவரி 17, புதன்

காணும் பொங்கல். ஊரே மெரினாவில். பெரியப்பா வீட்டிலிருந்து யாரும் வரவில்லை, நல்லது. வந்தால் கேட்பார்கள்.

அப்பாவுக்கு ‘இன்று நேற்று நாளை’ போட்டுக் காட்டினேன். 2065-லிருந்து ஒரு கால இயந்திரம் 2015-க்கு வந்து விஷ்ணு விஷாலிடமும் கருணாகரனிடமும் மாட்டுகிறது. இரண்டு பேரும் என்ன செய்கிறார்கள்? ஜோசியம்! நேற்றுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தொலைந்த பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்லிக் காசு பார்க்கிறார்கள். அப்பா தொடையில் தட்டினார். "நம்ம ஆளுங்க கைல கெடைச்சா இதுதாண்டி நடக்கும்." இதைத்தான் நான் சனிக்கிழமை ஒரு பக்கம் எழுதியும் சரியாகச் சொல்லவில்லை. அற்பமான கையில் பெரிய பொருள் மாட்ட வேண்டும், சிரிப்பு அங்கேதான். அயலானில் எல்லோரும் ரொம்ப நல்லவர்கள்.

அப்புறம் சாகவேண்டிய ரவுடி இவர்கள் புகுந்து குழப்பியதால் பிழைத்துக்கொள்ளும் இடம். அப்பா பேசவில்லை. நான் சத்தத்தைக் குறைத்தேன். "ஏன் குறைக்கிற? வை."

ஜனவரி 18, வியாழன்

லேபிலிருந்து அவர்களே கூப்பிட்டார்கள். ரிப்போர்ட் ரெடியாம், ஆனால் கையில் தர மாட்டார்களாம். "டாக்டரைப் பாத்துட்டு வாங்கிக்கோங்க." எல்லோருக்கும் இப்படித்தானா என்று கேட்டேன். "டாக்டர் சொல்வாரு மேடம்." போன முறை வாட்ஸ்அப்பிலேயே அனுப்பினார்களே. அண்ணன் இதெல்லாம் வழக்கம்தான் என்கிறான், அவனுக்கு எப்படித் தெரியும்?

ஆறு மணிக்கு டோக்கன். பழைய ஸ்கேன் ஃபிலிம் பீரோ மேல் இருக்கிறது, இறக்க வேண்டும். ஆட்டோ புக் செய்தால் ரத்து செய்துகொண்டே